கல் கிடைக்காதவன்

தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, அவனையே சாமியாகக் கும்பிட்ட மண் இது. அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். வீரனுக்குக் கல், சரி. தப்புப் பண்ணினவனுக்கு?

நம் ராணுவத்தில் 'மத ஆசிரியர்' என்று ஒரு பதவி உண்டு, தெரியுமோ? பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார், புத்த பிக்கு எல்லாரும் உண்டு. சேரும்போதே நாயப் சுபேதார். பூஜை, தொழுகையோடு வேலை முடியாது. ஆஸ்பத்திரியில் கிடப்பவனோடு பிரார்த்திக்கணும். இறந்தவனை வழியனுப்பணும். பட்டியலில் இன்னொன்றும் இருக்கு: தண்டனை பெற்று உள்ளே இருக்கும் சிப்பாயையும் போய்ப் பார்க்கணும்!

மெடல் வாங்கினவனைப் பார்க்க ஊரே வரும். இவன் பக்கம் யார் திரும்புவார்? கடவுள் எங்கேன்னு என்னைக் கேட்டால், அந்த மத ஆசிரியரோடு சேர்ந்து அந்தக் கதவுக்குள் நுழைகிறார் என்பேன். நீங்க என்ன சொல்றீங்க?