தலைமன்னார் வரை

மன்னார் என்றதும் நம்மவரிற் பலருக்கு வெயிலும் கருவாடும் கழுதையுமே நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றும் அங்கு உண்டென்பதை நாம் மறுக்கப் போவதில்லை. ஆயினும், மார்கழி மழை ஓய்ந்து குளங்கள் நிரம்பி நிற்க, வாடைக்காற்று வீசும் தை மாதத்தில் அப்பகுதியைச் சுற்றிப் பார்த்தவர் எவரும் அதனை வறண்ட நாடென்று சொல்லத் துணியார். அத்தகைய ஒரு வார இறுதியில், ஒன்பது பேராகிய நாம் ஏழு மோட்டார் சைக்கிள்களில் வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். பெருந்தெருவைக் கூடியமட்டும் விலக்கி, குளக்கட்டுகளையும் கிராமத்துப் பாதைகளையும் பற்றிச் செல்வதென்பது ஏற்பாடு. எம்முள் ஆசிரியர்கள் நால்வர்; மாணவர் இருவர்; முதல்நாள் இரவே மாத்தளையிலிருந்து தமது வண்டியில் வந்து சேர்ந்த நண்பர் ஒருவர். இவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

பல வண்டிகள் ஒன்றாக ஓடும்போது வேகமானவர் முன்னே போய்விடுவதும், மற்றையோர் அவரைத் தேடி மூச்சு வாங்குவதும் வழக்கம். நாம் அதனைத் தலைகீழாக்கினோம். எல்லோரிலும் மெதுவாக ஓடுபவரே முன்னே செல்லவேண்டும் என்பது சட்டம். அப்பதவி ஸ்கூட்டரில் வந்த ஆசிரியை ஒருவருக்குக் கிடைத்தது. மாணவர் இருவருக்கும் இதில் சற்று மனத்தாங்கல்தான். ஆனால் முருங்கனை அணுகும்வரை பனிமூட்டம் விலகவில்லை. தெருவில் மாடுகள் படுத்திருப்பதே பத்து யார் தூரத்தில்தான் தெரிந்தது. அதன்பின் அவர்களும் முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

முருங்கனில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு கட்டுக்கரைக் குளத்தின் கட்டில் ஏறினோம். ஆங்கிலத்தில் இராட்சதக் குளம் என்று பொருள்படும் பெயரால் இதனை வழங்குவர். பெயருக்குக் குறைவில்லை, எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. அருவியாற்று நீரைத் தேக்கம் என்னும் அணையிலிருந்து வாய்க்கால் வழியே கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் பண்டைக்காலத்தவர். மன்னாரின் நெல் வயல்களுக்கு உயிர் இதுவே. கட்டின் மேல் மழை நீர் தேங்கிய குழிகளில் சில்லுகள் வழுக்கியதால், பல இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம். நடந்ததும் நன்றே. வயலில் நின்ற முதியவர் ஒருவர், "தம்பியவை, இந்தக் குளிருக்குள்ளை எங்கை போறியள்?" என்று விசாரித்து, மறுமொழிக்குக் காத்திராமல் தேநீர் அருந்த அழைத்தார்.

நானாட்டான் கடந்து கடற்கரையை அடைந்தபோது அரிப்பு எதிர்ப்பட்டது. இன்று சிறு மீனவர் கிராமம். ஆனால் இதன் மணலில் புதைந்திருக்கும் கதைகளோ பல. 1660 ஆம் ஆண்டு கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் சிறைப்பட்டிருந்து, 1679 ஒக்டோபரில் தப்பி வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. வழி தெரியாத காட்டில் அவருக்கும் அவர் தோழருக்கும் வழிகாட்டியது அருவியாறு ஒன்றுதான். நாம் அவ்வாற்றைப் பாலத்தின் மேலாக ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

அரிப்பின் பெருமை முத்துக்குளிப்பினால் வந்தது. குளிப்பு நடைபெற்ற மாதங்களில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் ஓலைக்குடில்களாலான ஒரு பட்டணமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளியாளர் வருவர். கல்லைக் காலிற் கட்டி ஆழத்தில் இறங்கும் அவர்களைச் சுறா தீண்டாதபடி மந்திரிக்கும் கடற்கட்டிகளும் கரையில் இருப்பர். கடற்கட்டி இல்லையேல் குளியாளர் கடலில் இறங்கார். ஆகவே ஆங்கில அரசாங்கமே அவர்களுக்கும் கூலி கொடுத்ததென்பது சுவையான செய்தி. சிப்பிகளைக் குவியலாக அழுகவிட்டு, பின்னர் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு 1906 இல் மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய இளம் உத்தியோகத்தர்தாம், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். அதற்கு முந்திய 1905 இல் கிடைத்த விளைச்சலைப் போன்றதொன்று பின்னர் கிடைக்கவேயில்லை. யப்பானியரின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்ததும், எஞ்சியிருந்த வாணிபமும் மங்கிவிட்டது.

குளிப்பை மேற்பார்வை செய்ய முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, கடலோர மேட்டில் இடிந்து நிற்கிறது. ஊரவர் அதனை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். தேசாதிபதியின் பெயரை மறந்து, கதையில் வரும் அரசியிடம் வீட்டை ஒப்படைத்துவிட்ட ஊராரின் தீர்ப்பு எமக்கும் பிடித்தே இருந்தது. மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. பார்க்க விரும்பும் மாணவர்கள் காலம் தாழ்த்தாதிருப்பது நலம்.

இத்தெருவின் இருமருங்கும் புதிய வீடுகள் பல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முசலிப் பகுதி மக்கள் வீடு வாசல்களை விட்டுப் புத்தளத்துக்குச் சென்றார்கள். 2009 இல் போர் முடிந்தபின் திரும்பியவர்கள், காடாகிவிட்ட வளவுகளை வெட்டி வெளியாக்கித்தான் மீண்டும் குடியேறினார்கள். நாம் மதிய உணவு உண்ட கடைக்காரர், தமது பழைய கிணற்றைக் கண்டுபிடிக்கவே மூன்று நாட்கள் சென்றதாகச் சொன்னார்.

மாலையில் வங்காலைச் சரணாலயத்தின் ஓரமாகச் சென்றோம். வண்டிகளை நிறுத்திய பின்னரே பறவைகளின் ஒலி கேட்டது. ஆழமற்ற நீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் தலைகீழாக அலகை நுழைத்து நின்றன. அப்பால் ஊசிவால் வாத்துக்கள். இவ்விடம் 2010 இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மன்னாரிற் பிடித்துச் செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் ருசியாவின் வடதுருவக் கரைவரை பறந்து சென்று திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்திருக்கிறார்கள். அத்துணைத் தூரம் வருபவற்றுக்கு இங்கே குறுக்கே செல்லும் மின்கம்பிகள் பேரிடராகின்றன என்று பறவையியலாளர் கவலைப்படுகின்றனர்.

தாம்போதியில் ஏறியதும் வாடைக்காற்று தன் கைவரிசையைக் காட்டியது. இருபுறமும் கடல், தடுப்பாக ஒரு மரமுமில்லை. வண்டியைக் காற்றுப் பக்கமாகச் சாய்த்தே ஓட்டவேண்டியிருந்தது. ஸ்கூட்டரை நடுவில் விட்டு, கனத்த வண்டிகள் இரண்டு காற்றுப் பக்கத்தில் மறைப்பாக ஓடின. போரில் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தைத் தாண்டியபோது, 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை மங்கலாகத் தெரிந்தது. அன்றிரவு மன்னார் பட்டினத்தில் தங்கினோம். கழுதைகள் தெருவில் கூட்டமாகப் படுத்து உறங்கின. இரவில் அங்கு வண்டி ஓட்டுவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும், அவை வழிவிடுவதில்லை.

மறுநாட் காலையில் பள்ளிமுனைப் பெருக்க மரத்தைக் கண்டோம். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்ததென்பர். ஒன்பது பேரும் கைகோத்தும் அடிமரத்தைச் சுற்றி முடியவில்லை. பின்னர் தீவின் நீளத்துக்கும் மேற்கே ஓடினோம். தென்கரையில் 2020 இல் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகள் பனையை மிஞ்சிச் சுழல்கின்றன. பார்வைக்கு அழகே. ஆனால் மேலும் காற்றாலைகள் எழுவதையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் வீதியிலிறங்கிப் போராடினார்கள். கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த மணல் தீவு இது. மணலைத் தோண்டினால் கடல் உள்ளே வரும், வெள்ளம் வடியாது என்ற அவர்களது அச்சத்தைப் பேசாலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எமக்கு விளக்கினர். அறியாமை என்று தள்ளிவிடத் தக்க பேச்சல்ல அது.

தலைமன்னார் இறங்குதுறையில் மாத்தளை நண்பர் எம்மைவிட்டுத் தனியே நடந்து சென்றார். பழைய துறையின் இரும்புத் தூண்கள் துருப்பிடித்துக் கடலில் நிற்கின்றன. அவருடைய பாட்டனாரின் தந்தை, இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து தோணியேறி இக்கரையில் இறங்கி, கோப்பித் தோட்டத்து வேலைக்காக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழி நடந்தோருள் கொள்ளை நோயாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டவர் தொகை பெரிது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை ஓடியது. நண்பரின் பாட்டனாரின் தம்பி தம் குடும்பத்துடன் அக்கப்பலிற் சென்றவர். பாட்டனார் மாத்தளையிலேயே இருந்துவிட்டார். அண்ணன் தம்பியர் பின்னர் சந்திக்கவில்லை.

2023 இல் மலையக மக்கள் இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து, ஜூலை 28 ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பாதயாத்திரை புறப்பட்டு, ஓகஸ்ட் 12 இல் முடித்தார்கள். நண்பருக்கு அப்போது விடுமுறை கிடைக்கவில்லை. எம்மோடு வருவதற்கு அவர் இசைந்த காரணம் அதுவே என்பதை அங்கேதான் அறிந்தோம். மாணவரில் ஒருவர் அவரிடம், "ஐயா, சித்தப்பாட்டனார் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "திருச்சிப் பக்கம் என்று ஒரு கடிதம் இருந்தது, அதன் விலாசத்தைக் கறையான் தின்றுவிட்டது" என்றார் நண்பர். மாணவரோ விடவில்லை; தாயகம் திரும்பியோருக்கு வழங்கிய பத்திரங்களைப் பற்றித் தமிழ்நாட்டிலுள்ள தம் உறவினர் மூலம் விசாரிப்பதாகக் கூறி, பெயர்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மதியத்துக்குப் பின் திரும்பினோம். மடுச்சந்தி தாண்டிப் பறயனாலங்குளத்தில் வீதி பிரிகிறது. வவுனியா செல்வோர் இடப்புறம் திரும்பவேண்டும். நேரே செல்வது மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை போகும் பாதை. அங்கே தேநீர் அருந்தி, நண்பரின் வண்டி விளக்கைச் சரிபார்த்து, ஐந்தரை மணிக்கு அவரை வழியனுப்பினோம்.