எண்பது போட்ட பலகை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அயர்லாந்தில் கிராமத்து உள்சாலைகளின் வேக வரம்பை 2025 பிப்ரவரி 7 முதல் 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். இருபக்கமும் ஆளுயர வேலி, நடுவே புல் முளைத்த ஒற்றைத் தடம். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். அந்தச் சாலைக்குப் போய் 80! ஓட்டத் தெரிந்தவன் எவனும் அங்கே அந்த வேகத்தில் போகமாட்டான். தெரியாதவனோ, பலகையே போகச் சொல்லிவிட்டது என்று மிதிப்பான்.

அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் குப்பனூர் ஞாபகம்தான் வந்தது. ஏற்காடு கோடை விழாக் கூட்டத்தில் மலை ஏறுகிற வண்டிகளை அடிவாரம் வழியாகப் போகும் பெரிய பாதையில் விட்டு, இறங்குகிறவற்றைக் கொட்டச்சேடு, குப்பனூர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அந்தப் பெரிய பாதையில் மண் சரிந்தாலும் பாரம் உங்கள் ஊர் மேல்தான். வளைவெல்லாம் முடிந்து சமதளம் வந்ததும் வெளியூர்க்காரன் கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போகும். பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளும் ரோட்டைக் கடக்கிற ஆடுகளும் இருப்பது அங்கேதான்.

சட்டத்தில் வரம்பே இல்லையா என்றால், உண்டு. மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கை, நான்கு வழி அல்லாத சாலைகளில் காருக்கு 70 வரை அனுமதித்தது. அந்த அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. எப்படியானாலும், நாடு முழுக்க ஒரே எண் வைத்தால் கொண்டை ஊசி வளைவு அதற்குக் கட்டுப்படுமா?

சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் மலைச்சாலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. டிரைவர் பார்த்துச் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 20 மீட்டர் வேண்டும். 40 என்றால் 45 மீட்டர், 50 என்றால் 60 மீட்டர். கண்ணுக்கு 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அங்கே வரம்பு 20. இதில் பேரத்துக்கு இடமில்லை. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் 13-ஆம் வளைவில் பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அது பெரிய பாதையில். உங்கள் பாதை அதைவிடக் குறுகலானது.

நம் ஊரில் முதலில் கேட்பது வேகத்தடைதான். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையில் ராத்திரி பைக்கோடு விழுந்தவர்களைக் கேட்டுப் பார், அதன் லட்சணத்தைச் சொல்வார்கள். அதற்குப் பதில், ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வதைப் பலகையில் எழுதி மலை உச்சியிலேயே வைக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட சாலைக்குத் தனி வரம்பு விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். வளைவுகளில் 20, ஊருக்குள் 30 என்று கேள். மக்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30 என்பது சாலைப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமே சொல்வது. எந்த வளைவில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்று டேப் பிடித்து அளந்து, அந்தத் தாளையும் மனுவோடு இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடு. கோடை விழாவுக்கு முன்பே கொடுத்துவிடு, மச்சான்.