சேதி கேட்கும் உரிமை

கொரோனாவுக்குத் தமிழ்நாட்டில் முதல் சாவு 2020 மார்ச் 25 அன்று, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில். அன்றைக்கே நாடு முழுக்க ஊரடங்கும் தொடங்கியது. சோழவந்தானில் கொடிக்கால் வேலை நின்றுபோனது. எங்கள் சேரிக்குக் கூலி வரவில்லை; வதந்தி மட்டும் வந்தது. கோழிக்கறி தின்னா வரும், வெயில் அடிச்சா செத்துரும், மஞ்சத்தண்ணி தெளிச்சா வாசல் தாண்டாது.

சரியான சேதியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சுகாதாரத் துறை தினமும் அறிக்கை வெளியிட்டது. மாவட்ட வாரியாக எண்ணிக்கை, இறந்தவர் வயது, அவருக்கிருந்த வேறு நோய்கள், எல்லாம் இருந்தன. ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது ஒரே சொல்: சமூக விலகல். அப்பத்தா கேட்டது: "நம்மளத்தான் காலங்காலமா விலக்கி வச்சிருக்காய்ங்களே, இன்னும் எங்கடா விலகுறது?" ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் அதற்கு என்ன பதில்? உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் 'சமூக' என்பதை விட்டுவிட்டு 'உடல் இடைவெளி' என்று பேசத் தொடங்கியது. எங்களிடம் வந்து யாரும் திருத்திச் சொல்லவில்லை.

ஊருக்குச் சேதி சொல்வது யார் வேலையாக இருந்தது? சாவோ வரியோ, தப்பைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டவர்கள் நம் பாட்டன்மார். அந்த வழக்கம் இனி வேண்டாம் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்லது. ஆனால் ஊருக்கெல்லாம் சேதி சுமந்தவன் வீட்டுக்குச் சேதி கொண்டுவருவது யார் பொறுப்பு?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். எங்கள் தெருவே ஊசிக்குக் கதவைச் சாத்தியது. அந்தச் சாவுக்கு ஊசி காரணமில்லை என்று மத்திய அரசின் குழு சொல்லி வெளியே வர அக்டோபர் ஆனது. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள்தான் மே மாதமும் இருந்தது. எங்க பெரியப்பா மூணு நாள் ஆவி பிடிச்சுக்கிட்டே வீட்டில் கிடந்தார். நாலாம் நாள் பேச மூச்சில்லை. ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்ற ஒரு வரி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து 104க்குப் போன் செய்து கேட்டோம். கேட்டதைத் தமிழில் எழுதிப் படிப்பக சுவரில் ஒட்டினோம். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதினோம். அறிவியல் மாறும். கிருமி காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் அடித்துச் சொன்ன அதே உலக நிறுவனம்தான் 2021இல் காற்றிலும் பரவும் என்று எழுதியது. தேதி இல்லாத சேதி பாதி வதந்தி. பிறகு ஊசி போட்டுக்கொண்ட நர்சக்கா ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "காய்ச்சல் வருமா?" "வரும், ரெண்டு நாள்ல போயிரும்." மறைக்காமல் சொன்னார். ஜனங்கள் கையை நீட்டினார்கள். நம் ஜனம் அறியாமையில் கிடக்கிறது என்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

நிலமும் தண்ணீரும் கேட்டுப் போராடுகிற நாம் சேதியையும் கேட்டு வாங்கியாக வேண்டும். தமிழில் வேண்டும். தேதியோடு வேண்டும். நம் தெருவுக்குள் வந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற ஆளோடு வேண்டும்.