பத்து மீட்டர் தூரம்



திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு தேசம் தேசமாகச் செல்லும் சகோதரர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களில் ஒருவர் உகாண்டாவில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, நம் வாலிபர் ஐக்கியக் கூடுகையில் தம் அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டார். அந்நாட்டின் தென்மேற்கில் பிவிண்டி என்னும் அடர்ந்த மலைக்காடு இருக்கிறது. மலைக் கொரில்லாக்கள் வாழும் இடம் அது. அவற்றை ஒருமுறை காண்பதற்கான அனுமதிச் சீட்டுக்கே பல நூறு டாலர் செலுத்த வேண்டும். இவர் மாதக்கணக்கில் பணம் சேர்த்து, உடன் வேலை செய்யும் இருவரோடு நெடும்பயணம் செய்து, ஒரு விடியற்காலையில் காட்டின் வாசலில் போய் நின்றார். அங்கே அவருக்கு இரண்டு முறை இருமல் வந்தது. காவலர் ஒருவர் அருகில் வந்து, எத்தனை நாளாக இருமல் இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான். நண்பர்கள் இருவரும் காட்டுக்குள் நடந்தார்கள். இவர் வாசலில் கிடந்த மரப்பலகையில் மாலைவரை உட்கார்ந்திருந்தார்.

வாலிபர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கோ அந்த வாரம் முழுவதும் அந்தப் பலகையே நினைவில் நின்றது.

கொரில்லாவின் சரீரம் நம் சரீரத்துக்கு மிக நெருங்கியது. நமக்குச் சாதாரணச் சளியாக வந்துபோகும் கிருமி, அதற்கு மரணத்துக்கேதுவான நோயாகலாம். ஆகவே ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பார்வையாளர் மட்டுமே காணலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கலாகாது. ஏழு மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்ற விதி, கொரோனாவுக்குப் பின் பத்து மீட்டராயிற்று, முகக்கவசமும் சேர்ந்துகொண்டது. 1980-களில் விருங்கா மலைகளில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. 2018-ல் விருங்காவிலும் பிவிண்டியிலுமாக அவற்றின் தொகை ஆயிரத்தைக் கடந்திருந்தது. அதற்காக உயிரைக் கொடுத்த காவலர்கள் உண்டு. பகலிரவு பாராத கால்நடை மருத்துவர்கள் உண்டு. பலகையில் உட்கார்ந்திருந்த நம் சகோதரருக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டென்றே நான் எண்ணுகிறேன்.

இந்த மிருகத்துக்கு 1847-ல் அறிவியல் பெயர் கிடைக்கக் காரணமானவர் தாமஸ் சாவேஜ் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காபோன் தேசத்தில் ஊழியம் செய்த ஜான் லெய்ட்டன் வில்சனின் வீட்டில் அவர் கண்ட ஒரு மண்டையோடுதான் அதற்குத் தொடக்கம். எலும்புகளையும் அவ்விடத்து மக்கள் சொன்னவற்றையும் கொண்டே அவர் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 1921-ல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்காக மலைக் கொரில்லாக்களைச் சுட்டவர் கார்ல் ஏக்லி. சுட்டு வீழ்த்தியவற்றின் முகத்தைப் பார்த்த அம்மனிதர், அதன்பின் அவற்றைக் காக்கும்படி மன்றாடுகிறவரானார். அவரது முயற்சியால் 1925-ல் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் அம்மலைகளைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தார். மறு ஆண்டு ஏக்லி மீண்டும் அங்கே சென்று, நோயுற்று மரித்து, அதே மலையில் அடக்கம்பண்ணப்பட்டார். மனந்திரும்புதலைக் குறித்துப் பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லறை நினைவுக்கு வரும்.

நான் கொரில்லாவைக் கண்டதில்லை. ஆனால் அப்படிப்பட்ட நடை ஒன்று நம் மாநிலத்திலேயே எனக்கு வாய்த்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஊழியர்கள் நால்வராகப் பொள்ளாச்சி வழியாய்ச் சேத்துமடை சென்று, அங்கிருந்து ஆனைமலையின் டாப்சிலிப்புக்கு ஏறினோம். வனத்துறை அனுமதியோடு, காடர் இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் எங்களைச் சோலைக்காட்டுக்குள் அழைத்துச் சென்றார். நாங்கள் தேடிச் சென்றது சோலைமந்தியை. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால்நுனியில் ஒரு குஞ்சம். உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் சில ஆயிரமாய் வாழ்கிறது.

மூன்று மணி நேரம் நடந்தோம். சேலத்து வெயிலில் பழகிய எங்களுக்கு அந்த ஈரமும் இருளும் புதிது. கணுக்காலில் அட்டைகள் ஏறின. ஓர் ஊழியர் உரத்த குரலில் ஸ்தோத்திரப் பாடலைத் தொடங்கியபோது வழிகாட்டி திரும்பிப் பார்த்தார்; பாடல் நின்றது. பிறகு தலைக்கு மேலே எங்கோ பழத்தோல் விழும் ஓசை. வழிகாட்டி கையை உயர்த்தினார். உயர்ந்த கிளையில் ஒரு தாய், மார்பைப் பற்றிய குட்டியோடு, வெடிப்பலாக் காயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இரண்டடி முன்னே போனால் நன்றாகத் தெரியும். நான் காலை எடுத்து வைக்குமுன், "பாத்தாச்சுல்ல சார், அது சாப்பிடட்டும்" என்றார் அவர். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. திரும்பிவிட்டோம்.

யோபுவின் புஸ்தகத்தில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசும் அதிகாரங்களை இவ்வாரம் வாசித்துப் பாருங்கள். யோபுவின் கேள்விகளுக்கு அங்கே நேரான பதில் இல்லை. மனிதன் காணாத இடத்தில் ஈனும் வரையாடும், மனிதன் சொல் கேளாத காட்டுக்கழுதையுமே அங்கே வருகின்றன. நாம் கண்டாலும் காணாவிட்டாலும் அவற்றுக்கு இரை கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் சோலையில் நான் தேவைப்படாதவனாய் நின்றேன். அது எனக்கு இளைப்பாறுதலாகவே இருந்தது.

பிரியமானவர்களே, நான் சொல்ல வருவது நம் வீடுகளைப் பற்றியது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் நீட் தேர்வு முடிவு வரும் வாரத்தில், மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு எத்தனை பேர் போகிறோம்! விவாகம் முறிந்து தாய்வீடு திரும்பிய மகளைப் பார்க்க எத்தனை பேர் போகிறோம்! அன்போடுதான் போகிறோம், பழமும் வாங்கிக்கொண்டு போகிறோம். போனபின் கேட்கிறோம்: எவ்வளவு மார்க், என்ன நடந்தது, யார் மேல் தவறு? நம்மில் இருக்கும் சிறு இருமல் நமக்குத் தெரிவதில்லை. அடைத்த கதவுக்குப் பின்னாலிருக்கும் அந்தப் பிள்ளை, நாம் புறப்பட்டபின் அந்த இரவைத் தனியாகக் கடக்க வேண்டும். இந்த ஊழியத்தில் அப்படிப்பட்ட கதவுகளுக்கு வெளியே நான் அநேக இரவுகள் பெற்றோரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் நள்ளிரவில் கதவு திறந்தது, தண்ணீர் கேட்டான், குடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். மார்க்கைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை.

யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் குற்றமில்லை.

அப்படியானால் யார் வீட்டுக்கும் போகவேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். பிவிண்டிக் காட்டில் தடம் பார்ப்பவர்கள் தினமும் விடியற்காலையில் எழுந்து, கொரில்லாக் குடும்பம் முந்தின இரவு எங்கே படுத்தது என்று தேடிச் செல்கிறார்கள். மழையானாலும் போகிறார்கள், பார்வையாளர் வராத நாளிலும் போகிறார்கள். போய், தூரத்தில் நின்று, எல்லாம் சுகமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சமைத்த சோற்றுப் பாத்திரத்தை அடுக்களையில் வைத்துவிட்டு, உட்காராமல் திரும்பும் ஒரு மூத்த தாயார் நம் சபையில் இருக்கிறார்கள். கேளுங்கள், எப்படிச் செய்வதென்று அவர்கள் சொல்லித் தருவார்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வாலிபர் ஐக்கியம் இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை ஏற்காடு செல்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நாட்டுக்குரங்குகள் சாலையோரம் காத்திருக்கும். வண்டியிலிருந்து பழமும் சிப்ஸும் எறிகிறவர்களால்தான் அவை காட்டை விட்டுச் சாலைக்கு வந்து, சக்கரத்தில் அடிபடுகின்றன. ஆகையால் வாழைப்பழச் சீப்புகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வேன் காலை ஆறு மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படும்.