ஜெட்டா, சேம்பரா: ஒரு சீ.ஆர். கொப்பியின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். பிள்ளைகள் போனிலும் கொம்பியூட்டரிலும் கிடக்கிறார்கள் என்று கவலைப்படுகிற பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள். அறிவுரை ஒன்றும் சொல்லப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

போன பெருநாள் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பக்கம் எங்கள் மகன். மறுபக்கம் மருமகன், தாத்தாவின் மகன். இருவரும் ஒரே வருடம் சாதாரண தரம் எழுதியவர்கள். ஒரே டியூஷனுக்குப் போகிறவர்கள். சின்ன வயதில் ஒரே சைக்கிளில் காத்தான்குடி வாவிக்கரை முழுக்கச் சுற்றியவர்கள். ஐந்து நாளாக ஒருவரோடொருவர் கதையில்லை. பெருநாள் சாப்பாட்டுக்கு வந்த மருமகன் சாப்பிட்டுவிட்டு மகனின் அறைப் பக்கம் போகாமலே வீட்டுக்குப் போய்விட்டார். காரணத்தை விசாரித்தால், ஜெட் பெரிதா சேம்பர் பெரிதா என்பதாம்.

ஜெட்டும் சேம்பரும் ஊர் ஆட்கள் இல்லை. வலோரன்ட் என்ற கொம்பியூட்டர் விளையாட்டில் வரும் பாத்திரங்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள், ஒருவர் கணிதம், மற்றவர் வரலாறு. இந்த விளையாட்டைப் பற்றி அதுவரை எங்களுக்குத் தெரிந்தது "சாப்பிட வா மகன்" என்று கூப்பிட்டால் "இந்த ரவுண்ட் முடியட்டும் உம்மா" என்று பதில் வரும் என்பது மட்டும்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் வழக்கை விளங்க வேண்டுமே. இரண்டு இரவு மகனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தோம்.

ரயட் கேம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 2020 ஜூனில் வெளியிட்ட விளையாட்டு இது. ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு பக்கத்தார் ஸ்பைக் என்ற குண்டை வைக்க வேண்டும், மறுபக்கத்தார் தடுக்க வேண்டும். வைத்தால் 45 செக்கனில் வெடிக்கும், செயலிழக்கச் செய்ய 7 செக்கன் வேண்டும். 13 ரவுண்ட் முதலில் வென்றவர் ஜெயித்தார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் கையிலுள்ள காசுக்கு ஆயுதம் வாங்க வேண்டும். எங்களில் கணிதக்காரருக்கு இந்த இடத்தில் காது கூர்மையானது. ஒப்பரேட்டர் என்றொரு தூரத் துப்பாக்கி, விலை 4700. உடம்பில் பட்டால் 150 சேதம். முழுக் கவசம் போட்டவரின் மொத்த உயிர் 100ம் 50ம் சேர்ந்து 150. ஒரே தோட்டாவில் கணக்கு முடிகிறது. யோசித்துத்தான் இந்த எண்களை வைத்திருக்கிறார்கள்.

ஜெட், சேம்பர் இரண்டு பேருமே இந்த ஒப்பரேட்டருக்குப் பேர்போனவர்கள். ஜெட் கொரியப் பெண். சுட்டுவிட்டுக் காற்றாக ஒரு பக்கம் பாய்ந்து தப்புவாள். சேம்பர் பிரான்ஸ் நாட்டுக் கோட்டுக்காரர். முன்கூட்டியே ஒரு நங்கூரம் வைத்துவிட்டு வந்து சுடுவார், சுட்டதும் அந்த நங்கூரத்துக்கே மறைந்து போவார். ஒருத்தி முன்னால் வந்து அடிக்கிறவள், மற்றவர் இடம் பிடித்துக் காத்திருக்கிறவர். மகன் ஜெட் கட்சி, மருமகன் சேம்பர் கட்சி. (மொரோக்கோக்காரர் சைஃபர் என்றும் ஒருவர் இருக்கிறார், அவருடைய பெயர் அமீர். அவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். இரண்டு பேரும் எங்களைப் பாவமாகப் பார்த்தார்கள்.)

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பரேட்டரின் சத்தம் பெரிய சத்தம். ஒருநாள் ஹெட்போன் கழன்று அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டபோது, உள்ளறையில் தஸ்பீஹோடு இருந்த உம்மம்மா எழுந்து வந்து எல்லாக் கதவையும் சாத்தினார். ஒன்றும் கேட்கவில்லை, சாத்திவிட்டு உட்கார்ந்தார். 1990 ஓகஸ்ட் 3 இஷா நேரத்தில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கம் வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மகனுக்கு அது வருடத்துக்கொருமுறை நினைவுகூரும் நாள், உம்மம்மாவுக்கு அது ஒரு சத்தம். அன்றிலிருந்து ஹெட்போன் இல்லாமல் விளையாட்டில்லை என்று மகன் தானாகவே முடிவெடுத்தார். மைக்கில் "குண்டு வெச்சாச்சு, குண்டு வெச்சாச்சு" என்று கத்துவதை நிறுத்தியது நாங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களைக் கண்டவர்கள் நாம். வீதிப்பக்க யன்னலோரம் உட்கார்ந்து பிள்ளை சொல்கிற சொல்லா அது? இப்போது அவர்கள் "சாப்பாடு வெச்சாச்சு" என்கிறார்கள். "பி பக்கம் சாப்பாடு, ஓடி வா, ஏழு செக்கன்." கேட்டால் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் பப்ஜி மொபைலைச் சேர்த்தபோது மனிதர்களைச் சுடுவதை எடுத்துவிட்டு இலக்குகளைச் சுடுவதாக மாற்றினார்கள். அப்படி ஒன்று இதற்கும் வந்தால் உம்மம்மாவுக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தோம். எடுபடவில்லை.

சரி, வழக்குக்கு வருவோம்.

மருமகனின் ஆதாரங்கள் யூடியூப் வீடியோக்கள். நேருக்கு நேர் வந்தால் சேம்பர் ஜெட்டை எப்படி அடிக்கிறார் என்று காட்டும் வீடியோக்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினார். எங்களில் வரலாற்றுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "இது எந்த வருசத்து வீடியோ மகன்?" எல்லாம் 2022. அந்த வருடம் முன்னணி அணிகள் பலவும் சேம்பரைத்தான் தேடின, உண்மை. அப்போது அவருக்கு நங்கூரம் இரண்டு. 2022 டிசெம்பரில் கம்பனி அதை ஒன்றாக்கியது, அவருடைய தனித் துப்பாக்கியின் வேகத்தையும் குறைத்தது. ஜெட்டையும் சும்மா விடவில்லை. முன்பெல்லாம் நினைத்த கணத்தில் பாய்வாள். 2022இல் முதலில் ஆயத்தமாகி, 12 செக்கனுக்குள் பாய வேண்டும் என்று மாற்றினார்கள். 2023இல் அந்த 12ஐ ஏழரையாகக் குறைத்தார்கள். பெயரும் முகமும் அதேதான், ஆள் வேறு. பழைய உறுதியைக் காட்டி இன்றைய வளவுக்கு வழக்குப் பேச முடியாது. ஆதாரங்கள் தள்ளுபடி.

அடுத்தது கணிதக்காரரின் முறை. புதிதாக ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தோம். தனி அறை திறந்து இருவர் மட்டும் விளையாட வேண்டும், நேருக்கு நேர் வரும் ஒவ்வொரு தடவையும் யார் விழுந்தார் என்று எழுத வேண்டும். அவரவர் வீட்டிலிருந்து விளையாடினார்கள். கதையில்லாததால் மைக்கும் இல்லை. முதல் 20 தடவையில் மகனின் ஜெட் 13, மருமகனின் சேம்பர் 7. மகன் எழுந்து அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இப்ப ஆளை மாத்துங்க" என்றோம்.

"என்னத்துக்கு வாப்பா? அதான் முடிஞ்சிட்டே."

முடியவில்லை. 13–7 என்பது ஜெட்டுக்கும் சேம்பருக்கும் இடையிலான கணக்கா, மகனுக்கும் மருமகனுக்கும் இடையிலான கணக்கா? மாற்றாமல் அதைப் பிரிக்க வழியில்லை. நல்லாகக் குறிவைக்கத் தெரிந்தவன் எப்போதும் ஜெட்டையே எடுத்தால் ஜெட் நல்லவள் என்றுதான் எண் சொல்லும். உலகம் முழுக்கப் போடுகிற பட்டியல்களிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஒரு பாத்திரத்தை யார் விரும்பி எடுக்கிறார் என்பது அந்தப் பாத்திரத்தின் வெற்றிக்குள் கலந்துவிடும்.

மாற்றினார்கள். அடுத்த 20இல் சேம்பரை எடுத்த மகனுக்கு 11, ஜெட்டை எடுத்த மருமகனுக்கு 9.

கூட்டிப் பாருங்கள். பாத்திரப்படி ஜெட் 22, சேம்பர் 18. ஆள்படி மகன் 24, மருமகன் 16. பாத்திரத்தின் வித்தியாசம் 4, ஆளின் வித்தியாசம் 8. அப்படியானால் ஜெட்டும் இல்லை சேம்பரும் இல்லை, மகன்தான் பெரியவர் என்று தீர்ப்பா? அதுவும் இல்லை. ஒரு நாணயத்தை 40 தடவை சுண்டுங்கள். சரியாக 20–20 விழுவது எட்டில் ஒரு தடவைதான். 24–16, அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி, ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை தானாகவே வரும். சும்மா கிடக்கிற நாணயமே இதைச் செய்யும் என்றால் இதை வைத்து யாரையும் பெரியவர் சிறியவர் என்று சொல்ல ஏலாது. மகனுக்கு இந்தக் கணக்குத் துளியும் பிடிக்கவில்லை. வகுப்பில் நிகழ்தகவு பிடிக்கும் என்கிறவர்தான்.

கொப்பியில் எழுதாத ஒன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு. தாத்தா வீட்டில் மொபைல் டேட்டா ரவுட்டர், அதுவும் மச்சான் கட்டாரிலிருந்து காசு அனுப்பினால்தான் டேட்டா. மருமகனின் லெப்டொப் இரண்டு கை மாறி வந்தது. இந்த விளையாட்டின் சேவர் செக்கனுக்கு 128 தடவை யார் எங்கே நிற்கிறார் என்று கணக்கெடுக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வீட்டுக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் மூலையிலிருந்து திடீரென வெளியே பாய்கிறவர், காத்து நிற்கிறவரை ஒரு கண நேரம் முந்திக் காண்பார். எல்லோருக்கும் உள்ளதுதான், இணைப்பு மெதுவென்றால் அந்தக் கணம் நீளும். இப்போது யோசியுங்கள். ஜெட் பாய்கிறவள், சேம்பர் காத்து நிற்கிறவர். மெதுவான இணைப்போடு சேம்பரை எடுத்த பிள்ளை, எதிராளி தன் திரையில் தோன்றும் முன்பே சுடப்பட்டு விழுந்திருக்கிறார். மகனிடம் இதைச் சொன்னபோது முதன்முறையாக ஒன்றும் பேசவில்லை.

அடுத்தநாள் அசருக்குப் பிறகு கொப்பியைத் தூக்கிக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனோம். மருமகன் முற்றத்தில் இருந்தார். எல்லாக் கணக்கையும் காட்டினோம். 22–18, நாணயம், இணைப்பு, எல்லாம். தலையாட்டிக் கேட்டார். பிறகு கொப்பியை மூடிக் கையில் தந்தார்.

"இது விளங்குது மாமா. ஜெட் சேம்பர் எனக்குப் பெரிய விசயமில்ல. இதிலயாவது அவனுக்கு மேல எண்டு ஒருக்காக் காட்டணும் எண்டு நெனச்சன்."

என்ன மகன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம்.

"ரிசல்ட் வந்த நேரம் நீங்க அவன்ட ஒம்பது ஏய பேஸ்புக்ல போட்டிங்க. அதுக்குக் கீழ ஒராள் மருமகனுக்கு என்ன ரிசல்ட் எண்டு கேட்டிருந்தார். நீங்க 'அல்ஹம்துலில்லாஹ், அவரும் பாஸ்' எண்டு போட்டிங்க. நான் ஆறு ஏ மாமா."

எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. உள்ளே தாத்தா தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்து வழமையாகச் சொல்வதைச் சொன்னார்: "மாமாட மகனப் பாத்துப் படி எண்டு எத்தின தரம் சொல்லிட்டன்." நாங்கள் தேநீரைக் குடித்தோம். சீனி கூட.

அன்றிரவு அந்தப் பதிவைத் தேடி எடுத்தோம். இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனையோ மாஷா அல்லாஹ், எத்தனையோ பூங்கொத்து. நடுவில் எங்கள் கையால் எழுதிய அந்த மூன்று வார்த்தையில் ஆறு ஏயைக் காணவில்லை. இணைப்பையும் காணவில்லை, கட்டாரையும் காணவில்லை. கரண்ட் இல்லாத இரவுகளில் எங்கள் வீட்டில் இன்வேர்ட்டர் இருந்ததும் அவர்கள் வீட்டில் இல்லாததும் எந்தக் கொப்பியிலும் இல்லை. நீக்கிவிடலாமா என்று யோசித்தோம். நீக்கினால் எழுதியது இல்லையென்றாகிவிடும். மருமகனிடமே கேட்டோம். "கிடக்கட்டும் மாமா, இன்னொண்டு எழுதுங்க" என்றார். ஆகவே எழுதுகிறோம்: எங்கள் மருமகன் சாதாரண தரத்தில் ஆறு ஏ எடுத்தவர். அன்று எழுதியிருக்க வேண்டியது. மன்னித்துக்கொள்ளுங்கள் மகன்.

இந்தப் பதிவை இரண்டு பேரும் வாசித்துச் சரி என்ற பிறகுதான் போடுகிறோம். மகன் ஒரு திருத்தம் சொன்னார், ஜெட்டின் பாய்ச்சலுக்கு நாங்கள் பிழையான பெயர் எழுதியிருந்தோம், எடுத்துவிட்டோம். மருமகன் ஒரு நிபந்தனை போட்டார், மூன்றாவது 20 நடக்க வேண்டும், இந்தமுறை எங்கள் வீட்டில், ஒரே இணைப்பில், லெப்டொப்பை மாற்றிக்கொண்டு.

நேற்று இஷாவுக்குப் பிறகு நடந்தது. மருமகன் பழைய லெப்டொப்பை மகனிடம் கொடுக்கும்போது "கீபோர்ட்ல டபிள்யூ கொஞ்சம் இறுகும் மச்சான், நல்லா அமத்து" என்றார். ஆறு நாளுக்குப் பிறகு அவர்களுக்கிடையில் வந்த முதல் பேச்சு அதுதான். உம்மம்மா கதவோரம் நின்று, சத்தம் வராத அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காவது தடவை முடிந்ததும் கரண்ட் போய்விட்டது. அப்போது 8–6. எட்டு யாருக்கு என்று இங்கே எழுத வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.