யாரு வூட்டுக்கு வந்த?

பந்தா தீவுகளுக்குப் போவதற்கான கணக்கை நான் இரண்டு வருடம் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தோனேசியாவின் கிழக்குப் பக்கம், கடலுக்குள் நிற்கும் ஓர் எரிமலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்னத் தீவுகள் அவை. ஒரு காலத்தில் ஜாதிக்காய் உலகத்திலேயே அங்கே மட்டும்தான் விளைந்தது. சென்னையிலிருந்து ஜகார்த்தா, அங்கிருந்து அம்போன், அம்போனிலிருந்து கப்பல். என் சேமிப்பு ஏறும்போதெல்லாம் விமானக் கட்டணமும் கூடவே ஏறியது. அம்மாவின் கேள்வி வேறு: "தனியாவா? அங்க யாரு இருக்கா நமக்கு?"

நம் நாட்டிலேயே ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது, அந்தமானில். பேரன் தீவு. பெயர்தான் பேரன், கிட்டே சேர்க்க மாட்டார்கள். படகிலிருந்து பார்க்கலாம், கரையில் இறங்க முடியாது.

பந்தாவைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. புலிகாட். நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் ஜாதிக்காய்க்காகத் தீவுகளுக்குப் போனபோது, அங்கே இருந்தவர்களுக்கு அவர்களுடைய வெள்ளியில் பெரிய ஆர்வமில்லை. கேட்டது சோழமண்டலக் கரையின் துணியை. அதனால் இங்கே வந்து, 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது, அங்கிருந்து வாசனைப் பொருள் வந்தது. 1621ல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற கவர்னர் ஜெனரல் பந்தாவைப் பிடித்து, அந்த மக்களில் பெரும்பகுதியைக் கொன்றும் விரட்டியும் தீவைக் காலி செய்தான். மரங்கள் இருந்தன, பறிக்க ஆளில்லை. ஆசியாவின் பல கரைகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுபோனார்கள். பழவேற்காட்டிலிருந்தும் பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள், பிடித்து வரப்பட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நான் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்த அதே திசையில், திரும்பி வரும் டிக்கெட் இல்லாமல்.

இதைப் படித்த பிறகு எக்செல் கோப்பை மூடிவிட்டேன். அந்த மார்கழியில் மூர் மார்க்கெட்டிலிருந்து பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொன்னேரியில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பழவேற்காடு சுமார் இருபது கிலோமீட்டர். சாதாரண டவுன் பஸ் வந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை, வராவிட்டால் சில்லறைக் காசு. மதியம் மார்க்கெட் பக்கத்தில் மீன் குழம்புச் சாப்பாடு. ஒரு நாள் முழுக்கச் சுற்றியும் முந்நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. தங்க நான் முயலவே இல்லை. விடிகாலை முதல் ரயில், இருட்டுவதற்கு முன் திரும்பும் பஸ். அப்படிப் பல ஞாயிறுகள். பெரிய செலவு என்றால் ஒன்றுதான்: பாரிமுனையில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அதைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஊருக்குள் இறங்கியதும் யாராவது வந்து "போட்டிங் போறீங்களா மேடம்?" என்று கேட்பார்கள். போக வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சென்னைப் பக்கத்திலிருந்து உறவுக் கூட்டமாக வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், உயிர்காப்பு உடை இல்லை. அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடை வந்த பின்னும் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏரியைப் பார்த்தால் பயமே வராது என்பதுதான் இதில் சிக்கல். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, ஆனால் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். பூநாரைகள் நடுஏரியில் நின்றபடி மேய்வதைப் பார்த்தால் நமக்கும் நடந்தே அக்கரை போய்விடலாம் போலிருக்கும். ஆபத்து முகத்துவாரத்தில் இருக்கிறது. ஏரிக்குள் ஏறிய தண்ணீரெல்லாம் வற்றத்தின்போது அந்த ஒரு சின்ன வாய் வழியாகக் கடலுக்குத் திரும்ப ஓடும். மணல் திட்டு இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் இடுப்பளவுத் தண்ணீரிலும் அலை புரளும். கீழே சேறு. கால் ஊன்றி நிற்கலாம் என்று நினைத்த இடத்தில் கால் உள்ளே போகும்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எனக்காக மட்டும் கிளம்பும் படகில் ஏறுவதில்லை. ஊர்க்காரர்கள் எப்படியும் போயே ஆக வேண்டிய படகு இருந்தால் அதில் ஓரமாக ஓர் இடம். தன் அண்டை வீட்டுக்காரியையும் அவள் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் காற்றைப் பார்த்துத்தான் கிளம்புவார். சுற்றுலாக்காரியை ஏற்றுகிறவர் என் மணிபர்ஸைப் பார்ப்பார்.

பாலம் வந்த பிறகு கடல் பக்கத்துக் குப்பங்களுக்குப் படகும் தேவையில்லை. லைட் ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு கீற்று மணல். நடக்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை வரும், ஊரே கரையில் உட்கார்ந்திருக்கும்.

அந்த மணலில்தான் முதன்முதலாக அந்தக் கேள்வி வந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, கையை எடுக்காமலே கேட்டார்.

"யாரு வூட்டுக்கு வந்த?"

"யார் வீட்டுக்கும் இல்லக்கா. சும்மா சுத்திப் பாக்க."

"சும்மாவா? ஒண்டியாவா?"

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் ஏழு வருடமாக இருக்கிறேன், எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அதுதான் சுதந்திரம் என்று இருந்தவளுக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. அடுத்த குப்பத்தில் திரும்பவும் அதே கேள்வி. மூன்றாவது குப்பத்தில் கேள்வியே வரவில்லை. "நோட்டு எடுத்துனு சுத்துற பொண்ணு நீதானா?" என்றார் ஒரு பாட்டி. எனக்கு முன்னால் என் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

அது எதற்கு உதவும் என்று தை மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் தெரிந்தது. பைக்கில் இரண்டு பையன்கள். ஊர்க்காரர்கள் இல்லை, கடற்கரையில் குடிக்க வந்தவர்கள். ஒரு தடவை என்னைத் தாண்டிப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி தாண்டினார்கள். நான் நடையை வேகமாக்கவில்லை. ஓடினால் துரத்துவார்கள் என்று நாய்களிடம் கற்ற பாடம். மூன்றாவது தடவை வண்டி என் பக்கத்தில் மெதுவானபோது, வலை காயப்போட்டிருந்த திண்ணையிலிருந்து ஒரு குரல்.

"இன்னாடா? இன்னா ஓணும்? எங்க வூட்டுப் பொண்ணுடா அது."

அந்த அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. வண்டி போய்விட்டது. அவர் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, என் பெயர், வேலை, சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையெல்லாம் வரிசையாக விசாரித்தார். அதோடு, தாழ்ந்த குரலில், "நீங்கள்லாம் இன்னா ஆளுங்க?"

"பெரம்பூர்" என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கான அறிவுரைகளில் லொக்கேஷன் பகிர்வது, பெப்பர் ஸ்பிரே, ஹோட்டல் கதவுக்கு அடியில் சொருகும் ஆப்பு எல்லாம் உண்டு. யாராவது கேட்டால் நின்று பதில் சொல் என்பது இல்லை. இந்தக் கரையில் என்னைக் காப்பாற்றியது அதுதான். அதற்காக அதை இனிக்க இனிக்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 'எங்க வூட்டுப் பொண்ணு' என்ற சொல்லுக்குள் வீடு யாருடையது, யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கும் இருக்கிறது.

இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த முறைக்கு வலை கட்டுவது என்று பட்டினவர் குப்பங்கள் தங்களுக்குள் சீட்டு குலுக்கிப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவனுக்கே போய்ச் சேராது, இன்றைக்கு அவனுக்கு, நாளைக்கு இவனுக்கு. அதிகாரி எவரும் எழுதித் தராமலே தலைமுறை தலைமுறையாக ஓடும் ஒழுங்கு. கேட்கும்போது அழகாக இருக்கிறது, அழகுதான். ஆனால் சீட்டில் பெயர் வர அந்த ஊரின் தலைக்கட்டாக, ஆணாக இருக்க வேண்டும்.

அந்தச் சீட்டில் பெயர் இல்லாதவர்களை ஏரியின் மேற்குக் கரையில், அண்ணாமலைச்சேரிப் பக்கம் பார்த்தேன். இருளர் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை. ஓலையில் பின்னிய பறியை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் பறிக்குள் போட வேண்டும், வாயைத் திறக்க முடியாது. அதனால் வேலை நடக்கும்போது பேச்சே இல்லை. கரையேறிய பிறகுதான் பேசினார்கள்.

முழங்கால் தண்ணீரில் இறங்கட்டுமா என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் என் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, "காலத் தூக்கி வெக்காத. இழுத்துனே வா" என்றார். சேற்றில் திருக்கை படுத்திருக்கும். மேலே மிதித்தால் வால் முள் ஏறும். காலை இழுத்து நடந்தால் அதுவே விலகிப் போகும். எழுநூறு ரூபாய் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கால் இழுத்து இழுத்து நடந்த என்னைப் பார்த்து அந்தப் பெண்கள் கரையில் உருண்டு சிரித்தார்கள். இரண்டே நிமிடம். அவர்கள் அந்தத் தண்ணீரில் பாதி நாள் இருக்கிறார்கள்.

"குப்பத்துப் பக்கம் போனா எல்லாரும் யாரு வூட்டுக்கு வந்தன்னு கேக்குறாங்க" என்றேன், பேச்சுவாக்கில்.

அவர் பறியைக் கவிழ்த்து இறாலை எண்ணிக்கொண்டிருந்தார். "எங்கள எவன் கேக்குறான்?"

வேறெதுவும் சொல்லவில்லை. இருட்டு விலகுமுன் தனியாகத் தண்ணீரில் இறங்குகிறவர். 'சோலோ' என்ற வார்த்தையை என் தலைமுறை எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறது. அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊருக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள், உள்ளே செதுக்குவேலை நிறைந்த கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், தேதி. நானூறு வருடத்துக்குப் பிறகும் அவர்கள் யார் வீட்டுக்காரர்கள் என்று தெரிகிறது. கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியும்தான். அந்தப் பக்கத்தில்தான் எங்கோ மனிதர்களைக் கப்பலுக்காகக் காக்க வைத்திருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, கோட்டைப் புதரில் பாம்பு உண்டு என்று ஆடு மேய்த்தவர் எச்சரித்தார்.

கடைசியாகப் போனது இரக்கம் தீவுக்கு. ஏரியின் ஆந்திரப் பக்கம், தடாவில் ரயிலிறங்கி, ஆட்டோவில் பீமுலவாரிப்பாளையம் படகுத்துறை. தீவில் இருப்பவர்களுக்கு ரேஷனோ ஆஸ்பத்திரியோ எதுவானாலும் தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். பாலம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் விதிக்குப் பொருத்தமான படகு. ஒரு அரிசி மூட்டை, ஒரு காஸ் சிலிண்டர், இரண்டு சைக்கிள், பதினைந்து பேர். எல்லாருக்கும் என்ன காசோ எனக்கும் அதே காசு. "நடுவுல ஒக்காரு" என்று இடம் ஒதுக்கிய பெண், இரண்டு கையிலும் பை இருந்ததால், தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டார். நான் ஜாக்கெட்டைக் கழற்றி அதற்குப் போட்டேன். மூன்று சுற்றுப் பெரிது. குழந்தை அதற்குள் முகம் வரை புதைந்துபோய், பக்கிளைக் கடித்துக்கொண்டே வந்தது.

சாயங்காலம் திரும்பும்போது கரையில் படகு நின்றுகொண்டே இருந்தது. காற்று ஏறத் தொடங்கியிருந்தது, எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்ற பதற்றம். ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். படகுக்காரர் தமிழும் தெலுங்குமாகப் பதில் சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்குப் புரியும்படி மாற்றினார். அக்கரையில் வேலைக்குப் போகும் ஒரு ராத்திரி வாட்ச்மேன் இன்னும் வரவில்லையாம். காலையில் இந்தப் படகில்தான் வீட்டுக்கு வந்தாராம். தூங்கிப்போயிருப்பார் என்று ஒரு பையனை எழுப்ப அனுப்பியிருக்கிறார்கள்.

ஏழெட்டு நிமிடம் கழித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார் அவர். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். படகுக்காரர் விரலால் தலைகளை ஒருமுறை எண்ணினார், என்னையும் சேர்த்து. கழியை ஊன்றித் தள்ளினார்.