பில் மூலையில் ஓர் எழுத்து

ஆடி மாதம் வந்தால் நான் வேலை பார்த்த ஜவுளிக் கடைக் கணக்கறையில் சிவப்புப் பென்சிலுக்கு ஓய்வே கிடையாது. தள்ளுபடி பில்லின் நகலில், மேல் மூலையில் 'க' அல்லது 'மி' என்று எழுதுவோம். 'க' என்றால் குறைத்த பணம் கடையின் கைக்காசு. 'மி' என்றால் மில் ஏற்றுக்கொண்டது. மாதக் கடைசியில் டெபிட் நோட் போட்டு அவர்களிடம் வாங்க வேண்டும். சேலை வாங்கும் அம்மாவுக்கு அந்த எழுத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்களுக்கு அது இல்லாவிட்டால் பணம் போச்சு.

என் தங்கை மகள் சிங்கப்பூரில் இருந்துகொண்டு சின்னாளபட்டிச் சேலைகளை இணையத்தில் விற்கிறாள். ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். முகமே சரியில்லை.

"மாமா, நெசவாளர் அண்ணன் கோபமா இருக்கார். மூணு சேலைக்கு 1,080 ரூபாய் குறைச்சிட்டோம்னு கேக்கறார்."

சேலை 1,800 ரூபாய், தள்ளுபடி 20 சதவீதம். ஒன்றுக்கு 360. கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தள்ளுபடி அவள் தன் செலவில் கொடுத்த விழாச் சலுகை. பழைய இருப்பைத் தள்ள நெசவாளரே சம்மதித்த 20 சதவீதமும் அதே வாரம் ஓடியது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் அவர் தலையில் கட்டிவிட்டது.

"யார் தலையில்னு கூப்பன்லயே எழுதி வைக்கலையாம்மா?" என்றேன். அப்படி ஒரு கட்டமே இல்லை என்றாள். அவளுக்கு நிரல் எழுதித் தரும் பையன்தான், ஏபிஐ வழியாக எழுதலாம் என்று சொன்னான். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குக் குறித்த படிவத்தில் மனுப் போடுவது, அவ்வளவுதான். அந்த மனுவில் நம் சொந்தக் குறிப்பையும் இணைக்கலாம். அதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். அவள் பணம் வாங்கப் பயன்படுத்தும் ஸ்ட்ரைப்பில் ஒரு கூப்பனுக்கு 50 குறிப்புகள் வரை வைக்கலாம். தலைப்புக்கு 40 எழுத்து, விவரத்துக்கு 500. உருவாக்கிய பிறகு தள்ளுபடி சதவீதத்தை மாற்ற முடியாது, ஆனால் குறிப்பை மாற்றலாம் என்பது எனக்குப் பிடித்தது. பேரேட்டில் தொகையை அடித்து எழுதாமல் ஓரத்தில் விளக்கம் எழுதுவோமே, அதே ஒழுங்கு. ஓடிக்கொண்டிருந்த கூப்பன்களிலும் அதனால் எழுத முடிந்தது.

மூன்று தலைப்பு போதும் என்றேன்: சுமை, காரணம், சம்மதித்த தேதி. சுமையில் ஒருநாள் 'கடை' என்றும் மறுநாள் 'ஷாப்' என்றும் எழுதினால் கணினி இரண்டாகப் பிரித்துவிடும்; ஆகவே சொற்களை முதலிலேயே முடிவு செய்யச் சொன்னேன். வாடிக்கையாளர் கார்டு எண் போன்றவற்றை அங்கே எழுதக் கூடாது என்று ஸ்ட்ரைப்பே எச்சரிக்கிறது. குறிப்பு எழுதிவிட்டால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. நெசவாளருக்குப் பணம் பிரிக்கும் நிரல் அந்தச் சுமையைப் படித்துப் பார்க்க வேண்டும். பையனுக்கு அதற்குத்தான் இரண்டு நாள் பிடித்தது.

1,080 ரூபாய் நெசவாளருக்குப் போய்விட்டது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அடுத்த தள்ளுபடிக்கு முன்னால், சுமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தீபாவளிக் கூப்பனுக்கு இவள் அனுப்பியும் விட்டாள்.